முதுமையின் இரண்டு துக்கங்கள்

அசுவகோஷர் இயற்றிய புத்தசரிதத்தின் மூன்றாவது சருக்கத்தில், இளவரசன் சித்தார்த்தன் நகரைக் காணப் புறப்படும்போது, தந்தையாகிய சுத்தோதனன் ஒரு கட்டளை பிறப்பிக்கிறான். அங்கஹீனர்கள், பிணியாளர்கள், வறியவர்கள், விருத்தர்கள் ஆகிய அனைவரையும் ராஜவீதியிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பதே அந்தக் கட்டளை. சேவகர்கள் அதைக் கடுமையில்லாமல், மிகவும் மென்மையாகவே நிறைவேற்றுகிறார்கள். வீதி அலங்கரிக்கப்பட்டு, இளமையும் அழகும் மட்டுமே உலவும் இடமாகிவிட்ட பிறகு, தேவர்கள் தங்கள் மாயையினால் ஒரு கிழவனைப் படைத்து அங்கே நிறுத்துகிறார்கள். நரைத்த தலையும், கோலூன்றிய கையும், தளர்ந்து வளைந்த உடலுமாக நிற்கும் அந்த உருவத்தைக் கண்ட இளவரசன், இது விகாரமா, இயற்கையா, தற்செயலாக நேர்ந்ததா என்று சாரதியை வினவுகிறான். சாரதி ஜரையின் இலக்கணத்தை எடுத்துரைத்து, இது காலக்கிரமத்தில் எல்லோருக்கும் வருவது, உனக்கும் வரும் என்கிறான். அந்த விடை இளவரசனின் உள்ளத்தில் ஏற்படுத்திய கலக்கத்தின் விளைவாக, ஆசியா கண்டத்தின் பெரும்பகுதியைத் தழுவிய ஒரு சமயம் தோன்றிற்று.

கதையைச் சொல்பவர்களும் கேட்பவர்களும் இளவரசனின் வினாவையும் சாரதியின் விடையையும் நெஞ்சில் நிறுத்திக்கொள்கிறார்கள். அரசனின் கட்டளையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சற்று நின்று யோசித்தால், கபிலவாஸ்துவில் கிழவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது என்பதும், இருந்தும் அவர்களில் ஒருவரையேனும் கண்ணால் காணும் வாய்ப்பின்றி ஓர் இளைஞன் வளர்ந்திருக்கிறான் என்பதும், அந்நகரத்தின் உண்மையான விருத்தர்கள் யாவரும் அகற்றப்பட்டுவிட்டபடியால்தான் தேவர்கள் பொய்யான ஒரு விருத்தனைச் சிருஷ்டிக்க வேண்டியதாயிற்று என்பதும் விளங்கும். கிழவனின் உடல் நடுங்கியது இயற்கையினால். அவனைப் போன்றவர்கள் வீதியில் நிற்கக் கூடாது என்றானது அரசனின் ஆணையினால். சாரதி முதலாவதைச் சொன்னான். இரண்டாவதைப் பற்றி இளவரசன் கேட்கவில்லை, சாரதியும் சொல்லவில்லை.

முதுமையின் துக்கம் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் இரண்டு துக்கங்கள் என்பது என் துணிவு. ஒன்று சரீரத்தின் சுபாவத்திலிருந்து எழுவது: கண் மங்குவதும், செவி மந்தமாவதும், உடன் பிறந்தவர்களும் நண்பர்களும் ஒவ்வொருவராக முன்னே போய்விடுவதும், மரணம் அணித்தே வந்து நிற்பதும் எந்த அரசினாலும் எந்தச் செல்வத்தினாலும் விலக்கத் தக்கவையல்ல. மற்றொன்று மனிதர் மனிதருக்குச் செய்வது: வறுமையும், தனிமையும், பேச்சுக்குச் செவி கொடுப்பார் இல்லாமையும், சிகிச்சை செய்யத்தக்க நோயை வயதின் தலையில் ஏற்றிச் சும்மா விட்டுவிடுவதும் இதன் பகுதிகள். இவ்விரண்டும் ஒரே உடலில், ஒரே முகத்தில் கலந்து தோன்றுவதால், பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் முதலாவதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிவிடுவது வசதியாகவும் இருக்கிறது. ஏனெனில் சுபாவத்துக்கு யாரும் பொறுப்பாளியல்லர்.

ஆரோக்கியத்தையும் முதுமையையும் அவற்றின் சமூகப் பக்கத்திலிருந்து ஆராயும் படிப்பு இன்று பல சர்வகலாசாலைகளில் நடைபெற்று வருகிறது. பிணியை ஆராய வைத்திய சாஸ்திரம் இருக்கிறது, ஜரையைச் சகிக்க ஆத்மஞானம் இருக்கிறது, நடுவில் சமூக சாஸ்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் பக்திமான்கள் நம்மிடையே உண்டு. கிழவர்களுக்குச் செய்ய வேண்டியது சிசுருஷை, ஆராய்ச்சியன்று என்று அவர்கள் கூறுவதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அதைப் பின்னர் கவனிப்போம். ஆனால் நித்தியம் எது, அநித்தியம் எது என்று பகுத்தறியும் விவேகமே ஞானத்தின் முதற்படி என்று வேதாந்திகள் வற்புறுத்துவார்களானால், தவிர்க்க முடியாத துக்கம் எது, தவிர்க்கத்தக்க துக்கம் எது என்று பகுத்தறிய முயலும் இந்தப் படிப்பும் அந்த விவேகத்தின் இனத்தைச் சேர்ந்ததே என்று நான் கருதுகிறேன்.

நம் முன்னோர் இந்த இரண்டாவது துக்கத்தை அறியாதவர்கள் அல்லர். பிசிராந்தையார் என்ற சங்கப் புலவரிடம், ஆண்டு பல கழிந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் என்ன என்று சிலர் கேட்டனர். அவர் புறநானூற்றில் அளித்திருக்கும் விடையில் மருந்தின் பேச்சே இல்லை. உணவு முறையோ யோகப் பயிற்சியோ இல்லை. மாட்சியுடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் வேந்தன், அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகியவற்றையே அவர் காரணங்களாக அடுக்குகிறார். ஒரு மனிதனின் தலைமயிரின் நிறத்துக்கு அவனுடைய குடும்பத்தையும் அரசையும் ஊரையும் காரணமாகக் காட்டிய அந்தப் புலவரின் கூற்றை நாம் பள்ளிப் பாடமாகப் படித்து, நயம் பாராட்டி, அப்பால் சென்றுவிடுகிறோம். அதை ஓர் உண்மைக் கூற்றாக எடுத்துக்கொண்டு, நல்ல வேந்தனும் சான்றோரும் வாய்க்காத ஊரில் நரை முந்தி வருமா என்று சோதிக்கப் புகுந்தால், அதுவே ஒரு சர்வகலாசாலைத் துறைக்குப் போதிய விஷயமாகும்.

அப்படிச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் நகரில் அரசாங்க உத்தியோகஸ்தர்களைப் பற்றி 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆராய்ச்சியில் ஏறத்தாழ 18,000 ஆண்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் நிலையான உத்தியோகம் இருந்தது. வைத்தியம் அந்நாட்டில் எல்லோருக்கும் இலவசம். அப்படியிருந்தும், கீழ்நிலைச் சிப்பந்திகளின் மரணவிகிதம் மேல்நிலை நிர்வாகிகளுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் முதலிய காரணங்கள் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியையே விளக்கின. இன்னும் ஆழ்ந்த விஷயம் ஒன்று உண்டு: உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்கள்கூட உச்சியில் இருந்தவர்களைவிடக் குறைந்த ஆரோக்கியத்துடனேயே இருந்தார்கள். ஏழ்மை மட்டும் காரணமாயின் இரண்டாம் படியில் உள்ளவனுக்கு ஏன் வித்தியாசம் வரவேண்டும்? பிறர் ஏவ நடப்பவனுக்கும் பிறரை ஏவுபவனுக்கும் உள்ள வேற்றுமை ரத்தக் குழாய்கள்வரை சென்று சேர்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் கொள்வது?

ஆனால் எண்களைவிட என் மனத்தில் ஆழப் பதிந்தது மார்ஜரி வாரன் என்ற வைத்தியரின் சரித்திரம். லண்டனுக்கு மேற்கேயுள்ள ஐல்வொர்த்தில், வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் அவர் பணிபுரிந்துவந்தார். 1935-இல், பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியைச் சேர்ந்த நோயாளிகள் 714 பேர் அவருடைய பொறுப்பில் விடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். தீராத நோயாளிகள் என்று பெயர் சூட்டப்பட்டுப் பல ஆண்டுகளாகப் படுக்கையிலேயே கிடந்தவர்கள். இவர்களை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. வேளைக்கு உணவு கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், படுக்க வைத்தார்கள். ஆனால் இவர்களுக்கு என்ன நோய் என்று ஒருவரும் முறையாகப் பார்க்கவில்லை. வயதானவர்கள், கிடக்கிறார்கள் என்பதே நோய் நிர்ணயமாக இருந்தது.

வாரன் அம்மையார் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். வகை பிரித்தார். வார்டுகளின் இருண்ட சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசச் செய்தார், வெளிச்சத்தை அதிகப்படுத்தினார், பிடித்து நடக்கக் கைப்பிடிகளும், எழுந்து உட்கார நாற்காலிகளும் ஏற்பாடு செய்தார். எழுப்பி உட்கார வைத்தார், உட்கார்ந்தவர்களை நிற்க வைத்தார், நின்றவர்களை நடக்க வைத்தார். ஆண்டுக்கணக்கில் கிடையாய்க் கிடந்தவர்களில் பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினார்கள். மூட்டுகள் மடங்கி இறுகிப்போனதும், முதுகில் புண் கண்டதும், மலஜலத்தைக் கட்டுப்படுத்த இயலாமற்போனதும், எதிலும் நாட்டமற்று மௌனமாகிவிட்டதும் அவர்களைப் படுக்கையில் தள்ளிய காரணங்கள் அல்ல, படுக்கையில் கிடத்தியதன் காரியங்கள் என்பது புலனாயிற்று. 1943-இலும் 1946-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் முதியோர் மருத்துவம் என்ற தனித்துறைக்கு இங்கிலாந்தில் அடிகோலின. நம் சென்னையிலே அரசினர் பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வ. செ. நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதும், 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரி அத்துறையில் முதுநிலைப் படிப்பை ஏற்படுத்தியதும் அந்த வழியில் வந்தவை.

இங்கே தத்துவத்தில் ஈடுபாடுள்ள எவரும் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த 714 பேரின் படுக்கைகளுக்கு இடையே, வாரன் அம்மையார் வருவதற்கு முன், ஒரு ஞானி நடந்து சென்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? யாக்கையின் நிலையாமையைச் சொல்லியிருப்பார். இதுவே உடம்பின் முடிவு, இதில் பற்று வைக்காதே என்று உபதேசித்திருப்பார். அந்த உபதேசம் பொய்யல்ல. ஆயினும் அவர் கண்முன் கண்டது யாக்கையின் இயல்பன்று, கவனிப்பாரற்ற யாக்கையின் கோலம். பிரத்தியட்சத்தில் ஏற்பட்ட பிழையின்மேல் சத்தியமான ஒரு சித்தாந்தத்தைக் கட்டுவது எவ்வளவு எளிது என்பதையும், அப்படிக் கட்டப்பட்ட சித்தாந்தம் அந்தப் பிழை நீடிப்பதற்கே துணைபோகும் என்பதையும் எண்ணும்போது என் உள்ளம் நடுங்குகிறது. நோயாளியும் அதை நம்பிவிடுகிறான். எழுந்திருக்கக் கூடியவன், எழுந்திருக்காமலிருப்பதையே வைராக்கியம் என்று எண்ணிக்கொள்கிறான்.

சர்வகலாசாலை ஆராய்ச்சியும் இந்தப் பிழையிலிருந்து தப்பிவிடவில்லை. அமெரிக்காவில் கன்ஸாஸ் நகர முதியோரை ஆராய்ந்த எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இருவர் 1961-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். வயது ஏற ஏற மனிதன் சமூகத்திலிருந்து தானாகவே விலகுகிறான், சமூகமும் அவனிடமிருந்து விலகுகிறது, இந்தப் பரஸ்பர விலகல் எங்கும் நிகழ்வது, தவிர்க்கவொண்ணாதது, இரு தரப்புக்கும் ஹிதமானது என்பது அதன் சாரம். நம் நாட்டவர் இதைக் கேட்டதும், இது எங்கள் வானப்பிரஸ்தமல்லவா என்று மகிழக்கூடும். மனுவின் தர்மசாஸ்திரத்தில், தோல் திரைந்து, தலை நரைத்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்ட கிருகஸ்தன் காட்டை நாட வேண்டும் என்று விதித்திருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், நடுவிலுள்ள பள்ளம் பெரிது. வானப்பிரஸ்தன் விட்டுப்போகிறவன். விடுவதற்கு அவனிடம் வீடு இருந்தது, நிலம் இருந்தது, சொல்லுக்குக் கட்டுப்படும் புதல்வர்கள் இருந்தார்கள். இன்னும் சில நாள் இருங்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தபோது அவன் புறப்பட்டான். விடப்பட்டவனின் நிலை வேறு. அவனை எதிலும் கலந்துகொள்ளாமல் ஒதுக்கிவிட்ட பிறகு, அவன் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பெரியவர் எல்லாவற்றையும் துறந்துவிட்டார் என்று வீட்டார் சொல்வார்களானால், அங்கே நிகழ்ந்தது துறவு அல்ல.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் துறந்தவனும் துறக்கப்பட்டவனும் ஒரே தோற்றம் உடையவர்கள். இருவரும் பேசுவதில்லை, இருவரும் குறைவாகவே உண்கிறார்கள், இருவரும் வீட்டு விஷயங்களில் தலையிடுவதில்லை. வேறுபாட்டை அறிய ஒரே வழி அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்பதுதான். பீட்டர் டவுன்ஸெண்ட் என்ற ஆங்கில அறிஞர் அதைச் செய்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் விடுதிகளுக்குச் சென்று பார்த்து, 1962-இல் ‘கடைசிப் புகலிடம்’ என்ற பொருள்படும் நூலொன்றை எழுதினார். விடுதிகளில் இருந்த முதியவர்களில் பலர் உடல் தளர்ந்து வந்தவர்கள் அல்லர். வீடு இன்மையாலும், பணம் இன்மையாலும், நெருங்கிய உறவினர் இன்மையாலும் வந்து சேர்ந்தவர்கள் என்பது அவர் கண்ட உண்மை. அமைதியாக இருக்கிறார்கள் என்று விடுதி அதிகாரிகள் கருதிய இடத்தில், செய்வதற்கு ஒன்றுமின்றியும் பேசுவதற்கு யாருமின்றியும் தேய்ந்துகொண்டிருந்த மனிதர்களை அவர் கண்டார்.

மனுவின் விதியில் இன்னொரு குறிப்பும் கவனிக்கத்தக்கது. காட்டுக்குப் புறப்படும் கிருகஸ்தன் தன் மனைவியைப் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், அல்லது உடனழைத்துச் செல்லலாம். அவளுடைய முதுமை அவ்வளவில் முடிந்துவிடுகிறது. தான் எங்கே செல்ல விரும்புகிறாள் என்று அவளைக் கேட்கவில்லை. உலகில் முதியவர்களுள் பெண்களே அதிகம், அவர்களுள்ளும் கணவனை இழந்தவர்கள் மிக அதிகம். கணவன் வயதில் மூத்தவனாயிருப்பதும், மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொள்வதும் கணவனை இழந்த பெண் அவ்வாறு செய்யாததும் அதற்குக் காரணங்கள். ஆகவே முதுமையைப் பற்றிய நம் தர்மங்கள் பெரும்பாலும், முதியவர்களுள் சிறுபான்மையோராகிய வீட்டுத் தலைவர்களை நோக்கியே பேசிவந்திருக்கின்றன. நம் நாட்டில் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவள் ஒரு பெண் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. கலியாணத்துக்குப் பெரியோர் வற்புறுத்தியபோது விநாயகரை வேண்டி ஔவை கிழவியாகிவிட்டாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. இளமை தராத சுதந்திரத்தை முதுமை தரும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்கள் நினைத்தார்கள். வழிநெடுகச் சென்று எந்த மன்னனிடமும் எந்த உழவனிடமும் சரிசமமாகப் பேசும் ஒரு கிழவியை அவர்கள் கற்பனை செய்தார்கள். அத்தகைய முதுமை எத்தனை பெண்களுக்கு வாய்த்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

இதுவரை கூறியதைக் கொண்டு, எல்லாத் துக்கமும் சமூகத்தினால் வந்தது, சமூகத்தைத் திருத்திவிட்டால் முதுமை இன்பமயமாகிவிடும் என்று யாரேனும் முடிவு கட்டினால் அது மறுபுறத்துப் பிழையாகும். 1987-இல் ரோ, கான் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், வயதின் விளைவுகள் என்று கருதப்பட்டவற்றுள் பல, உணவு, பழக்கம், சூழ்நிலை ஆகியவற்றின் விளைவுகளே என்று காட்டி, வெற்றிகரமான முதுமை என்ற ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் கூறியதில் நன்மை இருந்தது. ஆனால் முதுமையில் வெற்றி உண்டு என்றால் தோல்வியும் உண்டு அல்லவா? எண்பது பிராயத்தில் ஓடி விளையாடுபவர் வென்றவர் என்றால், அறுபதிலேயே பக்கவாதத்தால் விழுந்தவர் எதில் தோற்றார்? நீ சரியாக உண்டிருந்தால், சரியாக நடந்திருந்தால், உனக்கு இது வந்திராது என்று இன்றைய பத்திரிகைகள் நோயாளியிடம் சொல்லும் சொல்லுக்கும், நீ போன ஜன்மத்தில் செய்தது, அநுபவிக்கிறாய் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவந்த சொல்லுக்கும் அடிப்படையில் என்ன வேற்றுமை? இரண்டும் துன்பப்படுகிறவன் மீதே குற்றத்தைச் சுமத்திவிட்டு, அருகில் நிற்பவனுக்கு விடுதலை அளிக்கின்றன. கர்ம சித்தாந்தத்தை ஆழ்ந்து கற்றவர்கள் அதை ஒருவன் தன் செயலைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே போதித்தார்கள். அடுத்தவனின் நோய்க்கு விளக்கம் சொல்லுவதற்காகப் போதிக்கவில்லை.

சரீரத்தின் துக்கம் இறுதிவரை எஞ்சியே நிற்கும். பகவான் புத்தரே எண்பதாம் பிராயத்தில், தம் உடல் பழைய வண்டியைப்போல் கட்டுகளினால் இழுத்துப் பிடித்து ஓட்டப்படுகிறது என்று ஆனந்தரிடம் கூறியதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. அவருக்குச் சிசுருஷைக்குக் குறைவில்லை, மரியாதைக்குக் குறைவில்லை, அருகிலிருக்க ஆனந்தர் இருந்தார். அப்படியும் முதுகு வலித்தது. இரண்டாவது துக்கம் முற்றிலும் நீங்கிய இடத்தில் முதலாவது துக்கம் எவ்வளவு என்பதை அந்தக் காட்சி நமக்கு அளந்து காட்டுகிறது. அந்த மிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சமயங்கள் சொல்லியிருக்கின்றன. சர்வகலாசாலையிடம் அதற்கு விடை எதிர்பார்ப்பது தகாது.

ஆனால் அந்த மிச்சத்தை எதிர்கொள்ளும் நிலைக்கே பலர் வந்து சேர்வதில்லை என்பதுதான் நம் நாட்டின் உண்மை. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். அவர்களுள் கூலிவேலை செய்பவர்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. கை ஓயும் வரையில் வேலை, கை ஓய்ந்தபின் பிறர் கை பார்த்தல் என்ற இரண்டே ஆசிரமங்கள்தாம் அவர்களுக்கு உண்டு. லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியல் அறிஞர் காசி நகரில் வெவ்வேறு குடியிருப்புகளில் முதியவர்களைப் பற்றி ஆராய்ந்து 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். வசதியுள்ளவர்கள் வாழும் பகுதிகளில் முதியவரின் தடுமாற்றம் குடும்பத்தின் குறையாக, பிள்ளைகள் செய்யத் தவறிய சேவையாகப் பேசப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் நாக்வா சேரியிலோ அது பலவீனம் என்றே சொல்லப்பட்டது. அந்தப் பலவீனம் கிழவர்களுக்கு மட்டும் உரியதன்று. உழைத்துத் தேய்ந்த எல்லோருக்கும் பொதுவானது. அந்தச் சேரியில் முதுமை, வறுமையிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய தனிப்பொருளாகவே இல்லை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் சில கிராமங்களில் தலைக்கூத்தல் என்று வழங்கிவந்திருக்கும் வழக்கத்தை எழுதக் கை கூசுகிறது. படுக்கையில் விழுந்துவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் கொடுத்து, காய்ச்சலை வரவழைத்து உயிரைப் போக்குவது அது. செய்பவர்கள் அதைக் கொலை என்று கருதுவதில்லை. கஷ்டத்திலிருந்து விடுதலை என்று கருதுகிறார்கள். அவர்கள் பிறவிக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தினக்கூலிக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாத வீட்டில், படுத்தவரின் அருகில் இருக்க ஆள் இல்லை. மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. புண்ணுக்கு மருந்து போட வீட்டுக்கு வருபவர் இல்லை. இத்தனை இல்லாமைகளும் சேர்ந்து விளைத்த வேதனையைக் கண்டு, இது வயதின் வேதனை, இதற்கு முடிவு ஒன்றுதான் என்று ஊர் தீர்மானிக்கிறது. இரண்டு துக்கங்களையும் ஒன்றாகக் குழப்புவதன் கடைசி விளைவு இதுவே. தத்துவ விசாரணையில் நேர்ந்த ஒரு மயக்கம் இங்கே எண்ணெய்க் கிண்ணமாகவும் இளநீராகவும் வடிவெடுத்து நிற்கிறது. ஆதலால்தான் இந்தப் பகுப்பை நான் வெறும் புத்தக விஷயமாக நினைக்கவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1962-இலேயே முதியோர் உதவித்தொகைத் திட்டம் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிற்று. ஆனால் அதைப் பெறுவதற்கு ஆதரவற்றவர் என்ற நிலையே நெடுங்காலம் முதல் தகுதியாக இருந்தது. மகன் இருந்தும் சோறு போடாத ஒரு தாய், தனக்கு யாரும் இல்லை என்று கிராம அதிகாரியின் முன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் இல்லை, சொன்னால் மகனை இல்லையென்று சொன்னவளாகிறாள். 2007-ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்த மகன்மீது கோட்டாட்சியரின் முன் புகார் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் பெறலாம் என்கிறது. உரிமை என்ற அளவில் இது வேண்டியதே. ஆயினும் எந்தத் தாய் எந்த மனநிலையில் அந்தப் படிகளில் ஏறுவாள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்துகொள்ள, அவளருகில் அமர்ந்து கேட்டவர்களின் உதவி தேவைப்படுகிறது.

கேட்கப் போகும் மாணவனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. சிட்னி காட்ஸ் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 1963-இல் வகுத்த ஓர் அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது: குளித்தல், உடுத்தல், மலஜலம் கழிக்கச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல் என்ற ஆறு காரியங்களைத் தாமே செய்துகொள்ள முடிகிறதா என்று அது வினவும். மிகவும் உபயோகமான அளவுகோல். எத்தனையோ பேருக்கு உரிய உதவி கிடைக்க அது வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த ஆறையும் கேட்டு முடித்து எழுந்துவிடுகிற மாணவன், அந்தப் பாட்டி எழுந்திருக்க முடியும் என்பதை அறிவான். யாருக்காக எழுந்திருக்கிறாள் என்பதை அறியமாட்டான். ஆராய்ச்சியைவிடச் சிசுருஷை மேல் என்ற பக்திமான்களின் சொல்லில் நான் முன்பு கண்ட உண்மை இதுதான். தன் வினாத்தாளுக்காக மட்டும் ஒரு மனிதரிடம் செல்பவன், அவரை மீண்டும் ஒருமுறை வீதியிலிருந்து அகற்றிவிடுகிறான். இந்தப் படிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கணக்கிடும் முறைகளைக் கற்பிப்பதற்கு முன்னர், பேசி முடியும்வரை குறுக்கிடாமல் அமர்ந்திருக்கக் கற்பிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அது கணக்கைவிடக் கடினமான வித்தை.

காசியிலே முக்தி பவனம் என்று ஒரு விடுதி இருக்கிறது. மரணம் நெருங்கிவிட்டவர்களை அவர்களுடைய குடும்பத்தார் அங்கே அழைத்து வருகிறார்கள்; ஏறத்தாழ இரண்டு வாரம் வரையில் உடன் தங்குகிறார்கள்; ராமநாமம் ஒலிக்க, கங்கைநீர் வாயில் ஊற்ற, மக்களும் பேரரும் சூழ்ந்திருக்க உயிர் பிரிகிறது. அதே காசியிலும், கண்ணனின் பிருந்தாவனத்திலும், பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்துசேர்ந்த விதவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பஜனை ஆசிரமங்களில் மணிக்கணக்காகப் பாடி, அதற்குக் கிடைக்கும் பிடி தானியத்தாலும் சில்லறைக் காசாலும் உயிர் வாழ்கிறார்கள்; இறந்தபின் அவர்களுடைய உடலுக்குரிய கடன்கள்கூடச் சரிவர நடப்பதில்லை என்ற முறையீடு 2012-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இரண்டு கூட்டத்தாரும் க்ஷேத்திரவாசிகள், இரண்டு கூட்டத்தாரின் நாவிலும் பகவந்நாமம். முக்தி பவனத்துப் பெரியவர் ஏன் இறக்கிறார் என்று கேட்டால் அதற்குச் சாரதி சொன்ன விடை போதும். அந்த விதவை ஏன் அங்கே பாடிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டால், அவளுக்குச் சேர வேண்டிய நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவர் யார், அவளை ரயிலேற்றியவர் யார், அவள் கடிதத்துக்குப் பதில் போடாதவர் யார் என்று பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும்; அந்த விசாரணைக்கு அவளுடைய பக்தியை நாம் விடையாக ஏற்றுக்கொள்ளலாகாது.